ஊதாப் பட்டையும் மூன்று பட்டினிக்காரர்களும்

என் சிறுநீரை நம்பிக் கெட்டவன் நான். முப்பத்து நான்கு வருடம் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் பேச்சை இப்படியா ஆரம்பிப்பது என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. புதிதாக வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கும் பிள்ளைகள் நீங்கள். இன்னும் ஆறு மாதம் போனால் சிறுநீர், சளி என்ற வார்த்தைகளைச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லி வீட்டில் திட்டு வாங்கப் போகிறவர்கள். அதனால் கூச்சத்தை இப்போதே விட்டுவிடலாம்.

கருவியை எப்படி ஓட்டுவது, இரத்தத்தை எப்படிச் சுழற்றுவது என்பதை உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு மடத்தனத்தைப் பற்றி. அது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்ததில்லை. அப்படியிருந்தால் மன்னித்துவிடலாம். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும்போது, கோலா சிலாங்கூர் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில், எல்லாம் தெரிந்தவன் என்ற மிதப்பில் செய்தது.

அந்த வருடம் பங்குனி உத்திரம் புவாசா நோன்பு மாதத்தின் நடுவில் வந்து விழுந்தது. எங்கள் ஆய்வகத்தில் மூன்று பேர். கமாருல் நோன்பு. நான் உத்திரத்துக்காக ஒரு வார விரதம். இரவில் மட்டும் கொஞ்சம் பாலும் ஒரு வாழைப்பழமும். மூன்றாவது ஆள் மெய் லிங். அவளுக்கு இரண்டு மாதத்தில் திருமணம். கல்யாண கவுனை ஒரு அளவு சின்னதாக வாங்கிவிட்டு, அதற்குள் நுழைவதற்காகக் கீட்டோ டயட் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சோறில்லை, சீனியில்லை, பழமில்லை. முட்டையும் கோழியும் மட்டும். ஆக அந்த மாதம் எங்கள் ஆய்வகத்தில் பகலில் சோற்றைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. மூன்று பேருக்கும் சுள்ளென்று கோபம் வரும். பிஸ்கட் டின்னில் எறும்புகூட வரவில்லை.

என் விரதத்துக்குக் காரணம் உண்டு. அடுத்த மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு ஆடிட் வரவிருந்தது. ஒரு குறைகூட எழுதாமல் அவர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று முருகனுக்குப் பால்குடம் நேர்ந்திருந்தேன். காரியம் முடிந்த பிறகுதான் எல்லோரும் நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். நான் சாமிக்கே முன்பணம் கட்டுகிற ஆள்.

உத்திரத்துக்கு முதல் நாள் காலையில் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு சிறுநீர் மாதிரி வந்தது. தனுஷா என்று இரண்டரை வயதுப் பெண் குழந்தை. அந்த வருடத்தில் அவள் வார்டுக்கு வந்தது அது மூன்றாவது தடவை. சாதாரணச் சளிக்கே வாந்தி எடுப்பாள், சாப்பிட மாட்டாள், அப்புறம் மூச்சு வேகமாக வாங்கும். சீனித் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் இரண்டு நாளில் எழுந்து வார்டு முழுக்க ஓடுவாள். முதல் இரண்டு தடவையும் வயிற்றுக் கோளாறு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தடவை பார்த்தவர் டாக்டர் தர்ஷினி. வேலைக்கு வந்து நான்கு மாதமான சின்னப் பெண். எதையும் சும்மா விடாத குணம். குழந்தை தேறிவிட்ட பிறகும், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று அந்த மாதிரியை அனுப்பியிருந்தார். பரிசோதனைப் பட்டையை அதில் முக்கினேன். கீட்டோன் கட்டம் மங்குஸ்தீன் தோல் போல அடர் ஊதாவாக மாறியது.

கீட்டோன் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், கதைக்கு அது வேண்டும். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைச் செய்துகொள்ளும். மிஞ்சினால் சிறுநீரில் இறங்கும். பட்டை ஊதாவாகும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது.

டாக்டர் போன் செய்தார்.

“அங்கிள், இந்தக் கீட்டோன் ரீடிங் கரெக்ட்டா? பிள்ளை காலைல ரெண்டு இட்லி சாப்பிட்டுச்சு. இப்பக் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சு விளையாடுது. இது உண்மைன்னா நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இல்லன்னா இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்.”

“ஒரு நிமிசம் இருங்க டாக்டர், செக் பண்ணிச் சொல்றேன்,” என்றேன்.

என் மனம் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. பட்டை கெட்டிருக்கிறது. யாரோ புட்டி மூடியைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள், ஈரக்காற்று பட்டிருக்கிறது. இதைச் சோதிக்க வழக்கமாக ஒரு கன்ட்ரோல் திரவம் உண்டு. விடை முன்கூட்டியே தெரிந்த திரவம். அதில் பட்டையை முக்கினால் பட்டை நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். அது போன வாரமே தீர்ந்துவிட்டது. புதியது கேட்டு நான் எழுதிய விண்ணப்பப் பாரம் ஸ்டோரில் யாருடைய கையெழுத்துக்காகவோ காத்திருந்தது.

கன்ட்ரோல் இல்லாவிட்டால் என்ன, நல்ல ஆரோக்கியமான மனிதன் ஒருவன் கையோடு இருக்கிறானே என்று தோன்றியது. நான்தான். கழிப்பறைக்குப் போய் வந்தேன். பட்டையை முக்கினேன். ஊதா.

பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஆனாலும் அனுபவஸ்தன் அல்லவா, ஒரு ஆளோடு நிறுத்துவேனா? கமாருலை அனுப்பினேன். அவனுடையதும் லேசான ஊதா. மெய் லிங் முறைத்துக்கொண்டே போனாள். அவளுடையது எங்கள் இருவரையும்விட ஊதா. மூன்று இனமும் ஒரே நிறம் காட்டி ஒற்றுமையாக நின்றது. அதைப் படம் எடுத்து சுதந்திர தினத்துக்குச் சுவரில் மாட்டியிருக்கலாம்.

குழந்தையின் பட்டை எங்கள் மூன்று பேருடையதையும்விட இருட்டாக இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் பொருட்படுத்தவில்லை.

“டாக்டர், பட்டை கெட்டுப்போச்சு. நாங்க மூணு பேரும் செக் பண்ணிட்டோம். மூணு பேருக்கும் பாசிட்டிவ்.”

“மூணு பேருக்குமா?”

“ஆமாலா. நாங்க நல்லாத்தான இருக்கோம்?”

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று கோப்பில் கேள்விக்குறியோடு எழுதி வைத்திருந்ததை அவர் அடித்தார். மத்தியானம் தனுஷா தன் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மாலை நான்கு மணிக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முனியாண்டி ஒரு புட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தான். லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அவனுக்குச் சீனி வியாதி இருக்குமோ என்று பயம். புதுப் பட்டைகள் மறுநாள்தான் வரும் என்றேன். “இருக்கறதுல பாத்துச் சொல்லுங்க சார், ராத்திரி தூக்கம் வரணும்,” என்று கெஞ்சினான். சரி, சீனிக் கட்டத்தை மட்டுமாவது பார்ப்போம் என்று கெட்டுப்போன பட்டையை எடுத்து முக்கினேன்.

சீனி இல்லை. அவன் கும்பிட்டான். நான் கீட்டோன் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது துளி நிறம் மாறாமல் சுத்தமாக இருந்தது. இன்னொரு பட்டையை எடுத்து முக்கினேன். அதுவும் சுத்தம்.

“என்ன சார் மூஞ்சி இப்படி ஆயிருச்சு? எனக்கு என்ன சார்?”

“உனக்கு ஒண்ணும் இல்லப்பா. அதான் பிரச்சன.”

“ஒண்ணும் இல்லாதது பிரச்சனயா?”

“காலைலருந்து என்ன சாப்பிட்ட?”

அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். காலையில் இரண்டு ரொட்டி சானாய், பத்து மணிக்கு நாசி லெமாக், மத்தியானம் சோறு, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு தே தாரேக். “பசிக்குது சார் இந்த மாசம். யாரும் சாப்பிடாத எடத்துல நின்னா ரொம்பப் பசிக்குது,” என்றான்.

பட்டை கெட்டிருந்தால் எல்லோருக்கும் கெட்டிருக்க வேண்டும். முனியாண்டிக்கு மட்டும் நல்லபடியாக வேலை செய்யாது. அப்படியானால் எங்கள் மூவருக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அவன் சாப்பிட்டிருக்கிறான். நாங்கள் பட்டினி, மெய் லிங் சோற்றுப் பட்டினி. பட்டினிக்காரர்கள் மூன்று பேரை வரிசையில் நிறுத்தி, இவர்கள்தான் சாதாரண மனிதர்கள் என்று நான் அளவுகோல் வைத்திருக்கிறேன். பட்டை காலையிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட பிறகும் ஊதா காட்டிய அந்தக் குழந்தைக்கு ஏதோ இருக்கிறது. அவளை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

காது இரண்டும் சூடாகிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். விரதத்தைச் சொன்னேன், நோன்பைச் சொன்னேன், கல்யாண கவுனையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவர் குழந்தையின் அப்பாவைப் போனில் பிடித்தார். சரவணன் என்று பெயர். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறவர். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், நாளைக்குக் கோயில் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு மத்தியானம் கூட்டி வருகிறோம் என்றார் அவர். டாக்டரும் ஒத்துக்கொண்டு, குழந்தை நோய் நிபுணர் ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். கோயில் வேலை என்றால் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் நான் விடுப்பு. புக்கிட் பெலிம்பிங் தாண்டி இருக்கும் ஒரு தோட்டத்துக் கோயிலில் மஞ்சள் வேட்டி கட்டி, பால்குடத்தோடு வரிசையில் நின்றேன். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய ஊர்வலம் பதினொன்றாகியும் நகரவில்லை. சிறப்பு விருந்தினராக டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வரவேண்டுமாம். அவர் வந்ததும் மேளம் அடித்துக் கிளம்பலாம் என்று நிர்வாகத்தினர் மைக்கில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சொன்னார்கள். குடத்துப் பால் வெயிலில் சூடாகிக்கொண்டிருந்தது.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. டாக்டர் தர்ஷினி.

“அங்கிள், ஸ்பெசலிஸ்ட் இப்பத்தான் கூப்பிட்டாரு. சாப்பிட்டப்பறமும் கீட்டோன் நிக்குதுன்னா அதை எரிக்கற ஒரு என்சைம் இல்லாம இருக்கலாமாம். அந்தப் பிள்ளை பட்டினியே கெடக்கக்கூடாது அங்கிள். அரை நாள்கூட. அப்பா போன் எடுக்க மாட்டேங்கறாரு.”

“எந்தக் கோயில்னு சொன்னாரா?” என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளி, மஞ்சள் சேலையில் அந்த அம்மா. பெயர் செல்வி. முதல் நாள் எங்கள் முகப்பில் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போனவர். தோளில் மஞ்சள் பாவாடை கட்டிய தனுஷா தலை சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் சரவணன் இரண்டு குடத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்று பெரியது, ஒன்று குழந்தைக்கென்று வாங்கிய குட்டிக் குடம்.

நான் ஆட்களைப் புட்டிகளாகவே பார்த்துப் பழகியவன். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வேலை எனக்கு இல்லை. ஆனால் குடத்தை வரிசையிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே போனதும் குழந்தையின் மூச்சில் நகச்சாயம் கலைக்கும் மருந்தின் வாடை வந்தது. அது கீட்டோன் வாடை. மூச்சும் வேகமாக வாங்கியது.

“பிள்ளை எப்ப சாப்பிட்டா?”

“நேத்து ராத்திரி ஏழு மணிக்கு சார். அவளுக்கும் சேத்துத்தான் நேந்துகிட்டேன். பிள்ளை நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டா ரெண்டு பேரும் வெரதம் இருந்து பால்குடம் எடுக்கறோம்னு. உத்திரத்துக்கு மொத நாளே அனுப்பி வச்சிட்டாருல்ல.”

அனுப்பி வைத்தது முருகன் இல்லை, நான். அதை உடனே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரிடம் கோயில் பெயரைச் சொல்லி ஆம்புலன்சை அனுப்பச் சொன்னேன். உத்திர நெரிசலில் அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை குழந்தையின் வாயில் இனிப்பு போக வேண்டும். தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிரப் கலக்கி வைத்திருந்தார்கள். ஒரு கிளாசை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

செல்வி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் சார். குடம் எறக்கற வரைக்கும் பச்சத்தண்ணிதான். மூணு தடவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியாச்சு. இதுலயும் குத்தம் வந்தா நான் எங்க போவேன்?”

என்சைமை எப்படி விளக்குவது? தொண்டையைச் செருமிக்கொண்டு, கோஎன்சைம் ஏ என்று ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தேன். செல்வி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சரவணன் பக்கம் திரும்பினேன்.

“தம்பி, நீங்க செம்பனை ஏத்திட்டு ஆலைக்குப் போறீங்க. கேட்டுல பாஸ் இல்லாட்டி உள்ள விடுவானா?”

“விட மாட்டான் சார்.”

“பிள்ளை பட்டினி கெடந்தா உடம்பு கொழுப்பக் கரைச்சு வேற ஒரு பொருளை லோரி லோரியா அனுப்புது. அது உள்ள போயி எரியணும்னா ஒரு பாஸ் வேணும். உள்ள இருந்து வர்றவன்கிட்ட பாஸ வாங்கி, வெளிய நிக்கறவனுக்கு மாத்திக் குடுக்கறதுக்குன்னு உடம்புல ஒரு ஆள் இருக்கான். இவளுக்கு அந்த ஆள் இல்லன்னு டாக்டர் சந்தேகப்படுறாங்க.”

சரவணன் குழந்தையின் பக்கம் திரும்பினார்.

“அப்பன்னா லோரி எல்லாம் கேட்டுலயே நிக்கும்.”

“நிக்கும்.”

“வெயில்ல நின்னா பழம் புளிச்சிரும் சார். ஆசிட் ஏறிரும். ஆலைக்காரன் வாங்க மாட்டான்.”

“அதேதான். அவ ரத்தம் இப்பப் புளிச்சிட்டு இருக்கு. அதான் மூச்சு வாங்குது.”

அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை வருடத்தில் நான் சொல்லி ஒருவருக்கு இவ்வளவு சீக்கிரம் புரிந்தது அதுதான் முதல் தடவை. “குடு செல்வி, குடிக்கட்டும்,” என்றார். செல்வி அழுதுகொண்டே தலையாட்டினார், வேண்டாம் என்று.

“நீங்களும் மஞ்ச கட்டித்தான சார் நிக்கறீங்க. உங்க வெரதத்த விடுவீங்களா? எங்களை மட்டும் விடச் சொல்றீங்க.”

நியாயமான கேள்வி. ஒரு வாரப் பட்டினி. ஆடிட்டுக்கு மூன்று வாரம். கையில் ரோஸ் சிரப். நான் அதிகம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். அந்தக் கிளாசைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தேன். நீங்கள் ஒரு வாரம் பட்டினி கிடந்து பார்த்தால்தான் அதன் ருசி தெரியும். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“குத்தம் வந்தா என் தலையில வரட்டும்மா. நேத்து பிள்ளைய வீட்டுக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்.”

செல்வி இன்னொரு கிளாசை அவரே போய் எடுத்து வந்தார். தனுஷா முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதை முழுங்கினாள். சரவணன் குட்டிக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கரண்டியை எங்கிருந்தோ பிடித்து வந்து கரண்டி கரண்டியாக ஊட்டினார்.

அரை மணி கழித்துச் செம்பனைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து சைரன் சத்தம் கேட்டது. நிர்வாகத்தினர் அதை டத்தோவின் வண்டிக்கு முன்னால் வரும் போலீஸ் சைரன் என்று நினைத்துவிட்டார்கள். “டத்தோ வந்துட்டாரு, மேளம்,” என்று மைக்கில் குரல். உறுமி அடிக்க ஆரம்பித்தது. வரிசை அரோகரா என்று கிளம்பிவிட்டது. இரண்டு பேர் மாலையோடு ஓடிப்போய், வந்து நின்ற வண்டியின் கதவைத் திறந்த ஆளின் கழுத்தில் போட்டார்கள். மாலைக்குள்ளிருந்து முனியாண்டியின் முகம் எட்டிப் பார்த்தது. அதைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அவன் குழந்தையைத் தூக்கிப் படுக்க வைத்தான். கூட வந்த தாதி சீனித் தண்ணீருக்கு ஊசி ஏற்றினார். மேளதாளத்தோடு, மாலை போட்ட ஓட்டுநரோடு தனுஷா மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து விளையாட ஆரம்பித்துவிட்டாள் என்று டாக்டர் தகவல் அனுப்பினார். விடுப்பு நாளிலும் ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்திருந்த நான் கழிப்பறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். அங்கே எனக்கு வேறு வேலையும் இருந்தது. வந்து பட்டையை முக்கினேன். ஊதா இல்லை.

அவளுடைய மாதிரிகள் பெரிய மருத்துவமனைக்குப் போயின. சில வாரத்தில் முடிவு வந்தது. கோஎன்சைம் ஏயைக் கீட்டோனுக்கு மாற்றிக்கொடுக்கும் அந்த என்சைம் அவளிடம் வேலை செய்யவே இல்லை. பட்டினி போடாமல், காய்ச்சல் வாந்தி வந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுத்துக் கூட்டி வந்தால், மற்றப் பிள்ளைகள் மாதிரி வளரலாம் என்றார் நிபுணர். சரவணன் கோப்பின் முதல் பக்கத்தில் அதை எழுதி வாங்கி, லோரியிலும் ஒரு நகல் ஒட்டிவைத்தார்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். ஆடிட்டுக்கு முன்னால் நான் ஒரு சம்பவ அறிக்கை எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கமாருல் வேண்டாம் என்று ஜாடை காட்டினான். “தவறுக்குக் காரணம்” என்ற கட்டத்தில், “அதிகாரியின் வயிறு காலியாக இருந்தது, அவர் தன்னையே சரியான ஆள் என்று எடுத்துக்கொண்டார்” என்று எழுதினேன். ஆடிட் அம்மா அதை இரண்டு முறை படித்தார், என்னை ஒரு முறை பார்த்தார். கன்ட்ரோல் திரவம் இருப்பில் இல்லை என்று ஒரே ஒரு குறை எழுதிவிட்டுப் போனார். பால்குடத்தை வரிசையில் விட்டுவிட்டு ஓடியவனுக்கு அது போதும். உங்களுக்கு ஒரு முடிவு நம்ப முடியாததாகத் தெரிந்தால் பட்டையைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அதை எதோடு ஒப்பிடுகிறீர்களோ, அது காலையில் சாப்பிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த உத்திரத்துக்கு, விட்ட நேர்த்தியை முடித்துவிடலாம் என்று மறுபடி விரதமிருந்து அதே வரிசையில் நின்றேன். செல்வி தனியாகக் குடம் எடுத்தார். தனுஷா பந்தலில் அப்பா மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள்.

“தாத்தா, சாப்டீங்களா?”

“இல்லடா. வெரதம்.”

அவள் வீட்டில் அந்தப் பதிலை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை போலிருக்கிறது. வாயிலிருந்த பிஸ்கட்டை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“சாப்பிடணும். இல்லன்னா ஊசி போடுவாங்க. மாலை போட்ட மாமா வந்து தூக்கிட்டுப் போவாரு.”

நான் என்ன செய்ய முடியும்? சாப்பிட்டேன். அந்த வருடமும் பால்குடம் போய்ச் சேரவில்லை. அதற்கடுத்த வருடமும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், இப்போது அவள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். எனக்கென்று தனியாக ஒரு பிஸ்கட் கொண்டு வருகிறாள், எச்சில் படாமல்.